மனசு விட்டுப் பேசலாம்: "என்ன குறை வைத்தோம்?" என்று கேட்கும் அம்மாவுக்கு

போன இதழில் கல்லூரிப் பிள்ளைகளின் தூக்கத்தைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு சுங்கை சிப்புட்டிலிருந்தும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் இத்தனை பேர் எழுதுவார்கள், வாட்சாப்பில் குரல் பதிவு அனுப்புவார்கள் என்று எதிர்பார்க்கவில்லை. எஸ்பிஎம் பரீட்சை முடித்துக் காலேஜில் படிக்கப் போன பிள்ளை வேறு ஆளாகத் திரும்பி வந்திருக்கிறது, என்ன செய்வது? ஏறக்குறைய எல்லாரும் கேட்பது இதைத்தான். மற்ற கேள்விகள் அடுத்த இதழுக்குக் காத்திருக்கட்டும். எழுதியவர்களின் பெயரையும், ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களையும் எடுத்துவிட்டேன்.

அக்கா, என் மகனுக்கு 18 வயது. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் காலேஜ் வாசலை மிதித்தவன். ஜொகூர் பக்கம் ஒரு பொலிடெக்னிக்கில் டிப்ளோமா படிக்கிறான். முதல் செமஸ்டர் முடிந்து லீவுக்கு வந்ததிலிருந்து பகலெல்லாம் படுத்தே கிடக்கிறான், ராத்திரி விழித்திருக்கிறான், கூப்பிட்டால் எரிந்து விழுகிறான். அவனுக்குப் பிடித்த நண்டுக் குழம்பு வைத்தாலும் இரண்டு வாய்தான். பாயிண்டர் (செமஸ்டர் மதிப்பெண் சராசரி) 1.8 என்று அவன் தம்பி சொல்லித்தான் தெரியும். அங்கே இருக்கும் கவுன்சலர் இது டிப்ரெஷனாக இருக்கலாம், டாக்டரைப் பாருங்கள் என்று சொன்னாராம். வீட்டுக்காரர் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறார், நான் கேன்டீனில் வேலை செய்கிறேன். நாங்கள் சாப்பிட்டோமோ இல்லையோ, அவனுக்கு எதிலும் குறை வைக்கவில்லை. லயத்து வீட்டில் ஒரே அறையில் எட்டுப் பேர் படுத்து வளர்ந்த எங்களுக்கு வராத டிப்ரெஷன் இவனுக்கு எப்படி வரும்?
– ஒரு தாய், சுங்கை சிப்புட்

தங்கச்சி, உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். லயத்திலும் இந்த டிப்ரெஷன், அதாவது மனச்சோர்வு, இருந்தது. பிள்ளை பெற்ற பிறகு யாரிடமும் பேசாமல் சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருந்த பெண்கள் இருந்தார்கள், நன்றாக ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுத்துக்கொண்டிருந்துவிட்டு ஒருநாள் பிரட்டுக்கு, அதாவது காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போகாமல் நின்று, அப்புறம் சம்சு சாராயத்திலேயே முங்கிப் போன ஆண்கள் இருந்தார்கள். சோம்பேறி, காத்துப்பட்டது, குடிகாரன் என்று ஆளுக்கொரு பெயர் வைத்தோமே தவிர, அதை நோய் என்று யாரும் நம்மிடம் சொல்லவில்லை. உங்கள் சொந்தத்திலேயே நினைத்துப் பாருங்கள், ஓர் ஆளாவது ஞாபகத்துக்கு வருவார்.

அடுத்து, குறை. நீங்கள் குறை வைத்ததால் வந்த நோய் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், ஏனென்றால் இது ஒரே ஒரு காரணத்தால் வருவதில்லை. உங்கள் வீட்டுக்காரரிடம் கேளுங்கள், ஒரு குலை கூடுதலாக ஏற்றினால் லாரிக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் அளவுக்கு மேல் ஏற்றிக்கொண்டே போய், ரோடும் குண்டும் குழியுமாக இருந்தால் எந்தக் குலையால் அச்சு முறிந்தது என்று சொல்ல முடியுமா? டாக்டர்கள் பட்டியலிடும் அபாயக் காரணங்களும் அப்படித்தான். ஒவ்வொன்றும் பாரத்தைக் கொஞ்சம் கூட்டுகிறது. ஒரே காரணம் இருக்கும் பத்துப் பேரில் சிலருக்கு வரும், சிலருக்கு வராது.

உங்கள் மகன்மேல் என்னென்ன பாரம் இருக்கக்கூடும் என்று பார்ப்போம். முதலில் அவன் வயது. மனநோய்களில் பாதி 14 வயதுக்குள்ளும், முக்கால்வாசி 24 வயதுக்குள்ளும் தலைகாட்டிவிடுகின்றன என்பது பெரிய ஆய்வுகளில் தெரியவந்த விஷயம். நம் மலேசியாவிலேயே 2022இல் சுகாதார அமைச்சு 13 முதல் 17 வயது வரையுள்ள மாணவர்களிடம் எடுத்த ஆய்வில் நான்கில் ஒருவருக்கு, அதாவது 26.9 விழுக்காட்டினருக்கு, மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்தன. 2017இல் அது 18.3 விழுக்காடு. படிவம் ஐந்தில் இந்தக் கணக்கில் இருந்த பிள்ளைகள்தான் அடுத்த வருடம் பையைத் தூக்கிக்கொண்டு காலேஜுக்குப் போகிறார்கள்.

அப்புறம் பழைய பாரங்கள். நெருங்கிய இரத்த உறவில் யாருக்காவது இந்த நோய் இருந்திருக்கலாம். சின்ன வயதில் வீட்டில் குடியும் அடிதடியும் பார்த்திருக்கலாம், பள்ளியில் நிறத்தையோ உடம்பையோ சொல்லிக் கிண்டல் செய்திருக்கலாம், பாசமாக வளர்த்த தாத்தா பாட்டி யாராவது இறந்திருக்கலாம். இதையெல்லாம் எழுதுவது உங்களைக் குற்றம் சொல்ல இல்லை, டாக்டர் கேட்கும்போது மறைக்காமல் சொல்ல வேண்டும் என்பதற்காக. உடம்புக் காரணமும் உண்டு. தைராய்டு குறைந்தாலோ இரத்தசோகை இருந்தாலோ இதே மாதிரிச் சோர்வு வரும், அதனால்தான் முதலில் இரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். வேப், கெத்தும் தண்ணீர் (போதை தரும் இலைச் சாறு), குடி என்று ஏதாவது பழக்கம் ஒட்டியிருந்தால் அதுவும் சேரும். மனசு சரியில்லை என்று அதைத் தொடுவார்கள், தொட்ட பிறகு மனசு இன்னும் கெடும்.

இனி காலேஜ் ஏற்றும் பாரம். இதைப் பற்றிக் கொஞ்சம் விலாவாரியாகப் பேச வேண்டும், நம் பிள்ளைகள் விஷயத்தில் பெரும்பாலும் கவனிக்காமல் விடுவது இதுதான்.

தோட்டத்தில் வளர்ந்த பிள்ளைக்கு வாசலில் இறங்கினால் மாமா, சித்தி, பக்கத்து வீட்டு அண்ணன் என்று ஆள் இருக்கும். கோவில் திருவிழா, பந்து விளையாடும் பாடாங், தமிழ்ப்பள்ளியிலிருந்து கூட வந்த கூட்டாளிகள். அதையெல்லாம் விட்டுவிட்டு, பல மணி நேரம் பஸ்ஸில் போய், ஹாஸ்டலில் ஒரு பிளாக்கில் தமிழ் பேசுகிற ஒரே ஆளாக அவன் இறங்கியிருக்கலாம். விரிவுரை மலாயிலும் ஆங்கிலத்திலும் ஓடும். புரியவில்லை என்று கைதூக்கினால் சிரிப்பார்களோ என்று பேசாமல் இருப்பான். முதல் குவிஸில் மதிப்பெண் குறையும். பிடிபிடிஎன் படிப்புக் கடன் பணம் கைக்கு வர நாளாகும், அதுவரை வீட்டில் கேட்க மனசு வராமல் ராத்திரிக்கு மெகி மீ, சில ராத்திரி அதுவும் இருக்காது. பசியோடு படுத்தால் தூக்கம் வராது, தூங்காவிட்டால் காலை எட்டு மணி வகுப்புக்குப் போக முடியாது, போகாவிட்டால் வருகைப் பதிவு குறையும், எச்சரிக்கைக் கடிதம் வரும். இப்படி ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு வரும்.

இந்த நேரத்தில்தான் ஞாயிற்றுக்கிழமை நீங்கள் போன் போடுகிறீர்கள். "சாப்பிட்டியாய்யா? படிப்பு எப்படிப் போகுது?" "ஓக்கேம்மா." அந்த ஓக்கேவுக்குத்தான் நான் மிகவும் பயப்படுகிறேன். அப்பா ஓவர்டைம் லாரி ஓட்டுகிறார், அம்மா சங்கிலியை அடகு வைத்து லேப்டாப் வாங்கிக் கொடுத்தார், கோவிலில் பெயர் சொல்லி மாலை போட்டார்கள், தம்பி தங்கைகளுக்கு அவன்தான் முன்மாதிரி என்று ஊரே சொல்கிறது. இத்தனைக்கும் பிறகு "என்னால் முடியவில்லைம்மா" என்று எப்படிச் சொல்வான்? அந்த வார்த்தையை வீட்டில் சொல்ல முடியாமல் இருப்பது நம் பிள்ளைகளுக்குப் பாயிண்டர் குறைவதைவிடப் பெரிய ஆபத்து என்பது என் உறுதியான கருத்து. பாசம் இல்லாததால் வரும் மௌனம் இல்லை இது. உங்கள்மேல் அவ்வளவு பாசம் இருப்பதால்தான் வாயைத் திறக்காமல் இருக்கிறான்.

இது வெறும் சோர்வா, நோயா என்று எப்படித் தெரியும்? இரண்டு வாரம் என்று ஒரு கணக்கு உண்டு. தினமும், நாளின் பெரும்பகுதி, மனசு கனத்தே இருப்பது அல்லது எதிலும் பிடிப்பில்லாமல் போவது, கூடவே தூக்கம், பசி, கவனம், உடம்பில் தெம்பு இவை கெடுவது, நான் எதற்கும் லாயக்கில்லை என்ற எண்ணம், சாவைப் பற்றிய நினைப்பு. இவற்றில் சில சேர்ந்து இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் டாக்டர் பார்க்க வேண்டிய நிலை. இளவயதில், அதுவும் பையன்களிடம், அழுகைக்குப் பதில் கோபமாகத்தான் பல நேரம் வெளியே வரும். எரிந்து விழுகிறான் என்று எழுதினீர்களே, அது திமிராக இல்லாமல் நோயாக இருக்கலாம்.

இன்றைக்கே செய்ய வேண்டியது: பாயிண்டர் பேச்சை ஒதுக்கி வையுங்கள். வீட்டுக்காரரும் அதை எடுக்க வேண்டாம். அவன் விழித்திருக்கும் ராத்திரி நேரத்தில் ஒரு மைலோ கலக்கிக் கொடுத்து அவன் பக்கத்தில் உட்காருங்கள். "உனக்கு முடியலன்னா சொல்லுய்யா, படிப்பைவிட நீதான் எங்களுக்கு முக்கியம்" என்று சொல்லுங்கள். அவன் ஒன்றும் பேசாவிட்டாலும் பரவாயில்லை, நீங்கள் சொன்னது காதில் விழுந்தால் போதும், மறுநாளும் போய் உட்காருங்கள். செத்துவிடலாம் என்று தோன்றுகிறதா என்பதையும் நேராகக் கேளுங்கள், அப்படிக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. இந்த வாரத்திலேயே அரசாங்கக் கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள், குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் 1 வெள்ளிதான். ஒன்பது கேள்வி கொண்ட ஒரு தாளைக் கொடுப்பார்கள், பிஎச்கியூ-9 என்பார்கள், கடந்த இரண்டு வாரம் எப்படி இருந்தது என்றுதான் அதில் இருக்கும். படிப்பு எங்கேயும் ஓடிவிடாது. உடல்நலக் காரணத்துக்காக செமஸ்டரைத் தள்ளிப்போட வழி உண்டு, டாக்டர் கடிதத்தோடு கல்லூரியில் கேட்கலாம். டாக்டரைப் பார்க்கச் சொல்லி அனுப்பிய அந்தக் கவுன்சலரின் நம்பரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அவர் உங்களுக்குத் துணை.

அக்கா, எனக்கு 19 வயது, ஈப்போவில் தனியார் கல்லூரியில் படிக்கிறேன். என் பாட்டி கொஞ்ச காலம் தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனையில் இருந்தாராம், வீட்டில் அதைப் பற்றிப் பேசவே மாட்டார்கள். அத்தைக்கும் டிப்ரெஷன் இருக்கிறது. எனக்கும் கண்டிப்பாக வருமா?
– பெயர் வேண்டாம், சுங்கை சிப்புட்

கண்டிப்பாக என்று இல்லை தங்கை. அம்மா, அப்பா, கூடப்பிறந்தவர்கள் இவர்களில் ஒருவருக்குக் கடும் மனச்சோர்வு இருந்தால் மற்றவருக்கு வரும் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு கூடும் என்கிறார்கள். பாட்டியும் அத்தையும் அதைவிட ஒரு படி தள்ளி இருப்பவர்கள், அதனால் உனக்கு அந்த அளவுகூட இருக்காது. இந்த நோய்க்கான வாய்ப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் பரம்பரை, மீதி வாழ்க்கை. பெண் பிள்ளைகளுக்குப் பையன்களைவிட அதிகமாக வருகிறது என்பதும் உண்மை, அதனால் உன்னை நீயே கவனித்துக்கொள். தூக்கமும் பசியும் இரண்டு வாரம் தொடர்ந்து கெட்டால், பரீட்சை முடியட்டும் என்று தள்ளாமல் போய்க் காட்டு.

பாட்டியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தஞ்சோங் ரம்புத்தானில் இருக்கும் பஹாகியா உலு கிந்தா மருத்துவமனை 1911இல் தொடங்கியது, பேராவில் வளர்ந்த நாம் எல்லாரும் அந்த ஊர்ப் பெயரைத் திட்டுவதற்குப் பயன்படுத்தியே பழகிவிட்டோம். அந்தப் பழக்கத்தால் எத்தனை குடும்பங்கள் உங்கள் வீடு மாதிரி வாயை மூடிக்கொண்டன! பாட்டிக்கு என்ன நோய், எந்த மருந்து கேட்டது என்று அத்தையிடம் தனியாகக் கேட்டுப் பார். உனக்கு ஒருநாள் டாக்டரிடம் போக வேண்டி வந்தால் அது மிகவும் உபயோகமான தகவல்.

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு, எல்லாம் இந்தக் கைப்பேசியால்தான். மகள் விடிய விடிய டிக்டாக் பார்க்கிறாள். பிடுங்கி வைத்தால் சரியாகிவிடுமா?
– ஒரு தந்தை, லிந்தாங்

ஐயா, பிடுங்காதீர்கள். தூக்கத்தைத் தின்பது, மற்றவர்களின் வாழ்க்கையோடு தன்னுடையதை ஒப்பிட வைப்பது, கூட்டமாகச் சேர்ந்து ஒரு பிள்ளையைக் கேவலப்படுத்துவது, இந்த மூன்றாலும் கைப்பேசி கெடுதல் செய்யும், மறுக்கவில்லை. ஆனால் தூக்கம் வராததால் கைப்பேசி பார்க்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள், அவர்களுக்கு நோய் முதலில் வந்தது, டிக்டாக் பின்னால் வந்தது. தவிர, இந்த வயதில் உடம்பின் கடிகாரமே பிந்தித்தான் ஓடுகிறது, பத்து மணிக்குப் படு என்றால் உண்மையிலேயே தூக்கம் வராது. கைப்பேசி போய்விட்டால் அவள் மனசுவிட்டுப் பேசும் ஒரே தோழியும் போய்விடுவாள் என்பதையும் யோசியுங்கள். வீட்டில் எல்லாருடைய கைப்பேசியும், உங்களுடையதும் சேர்த்து, ராத்திரி ஹாலில் சார்ஜ் ஏறட்டும். அதில் என்ன பார்க்கிறாள் என்று மிரட்டாமல் கேளுங்கள், யாராவது அவளைப் பற்றி அசிங்கமாகப் போட்டிருக்கிறார்களா என்றும் கேளுங்கள்.

செய்வினை என்று சாமி பார்ப்பவர் சொல்கிறார், 800 வெள்ளி கேட்கிறார். அண்ணனுக்கு டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்தச் சொல்கிறார். மாத்திரைக்கு அடிமையாகிவிடுவார் என்று அம்மாவும் பயப்படுகிறார்.
– ஒரு தங்கை, சுங்கை சிப்புட்

கோவிலுக்குப் போங்கள், அர்ச்சனை செய்யுங்கள், விளக்குப் போடுங்கள், அம்மாவுக்கும் அண்ணனுக்கும் அது தெம்பு கொடுக்கும். மாத்திரையை நிறுத்தச் சொல்லும் ஆளிடம் மட்டும் போகாதீர்கள்.

மனச்சோர்வுக்குக் கொடுக்கும் மாத்திரைகள் போதைப் பொருள் மாதிரி அடிமையாக்குவதில்லை. வேலை செய்ய இரண்டிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும், அதற்குள் கேட்கவில்லை என்று பலர் விட்டுவிடுகிறார்கள். சரியான பிறகும் பொதுவாகக் குறைந்தது ஆறு மாதமாவது தொடரச் சொல்வார்கள். திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், படபடப்பு வரும், டாக்டர் சொல்லும்படி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். 25 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு ஆரம்ப வாரங்களில் படபடப்போ சாகும் எண்ணமோ கூடினால் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும், அந்த வாரங்களில் அண்ணன் கூடவே யாராவது இருங்கள். அந்த 800 வெள்ளிக்கு அண்ணனுக்கு நல்ல சாப்பாடு வாங்கிக் கொடுக்கலாம்.

அக்கா, நான் ஹாஸ்டலில் இருக்கிறேன். என் ரூம்மேட் சாகப் போவதாகச் சொன்னான். யாரிடமும் சொல்லாதே என்று சத்தியம் வாங்கிக்கொண்டான். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்கிறான். நான் என்ன செய்வது?
– ஒரு மாணவன், சொந்த ஊர் சுங்கை சிப்புட்

தம்பி, உனக்கு நான் அன்றைக்கே தனியாகப் பதில் அனுப்பிவிட்டேன், உன்னைப்போல் தவிப்பவர்களுக்காக இங்கேயும் எழுதுகிறேன். சத்தியத்தை மீறு. அவன் கோபப்படுவான், உன்னோடு பேசாமல்கூட இருப்பான், இருக்கட்டும். வார்டனிடமோ விரிவுரையாளரிடமோ நேரே போய்ச் சொல், கவுன்சலர் வரும்வரை காத்திருக்காதே. அதுவரை அவனைத் தனியாக விடாதே, ஒரு நண்பனைக் கூட வைத்துக்கொள். எப்படிச் சாவது என்று திட்டம் வைத்திருக்கிறானா என்று கேள். ஆம் என்றால் பக்கத்தில் உள்ள அரசாங்க மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போ, முடியாவிட்டால் 999.

போலீஸ் பயம் இனி வேண்டாம். தற்கொலைக்கு முயல்வதைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டம் 309ஆம் பிரிவை 2023இல் நீக்கிவிட்டார்கள். மனநல உதவிக்கு ஹீல் லைன் 15555, இது சுகாதார அமைச்சு நடத்துவது. பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929, 24 மணி நேரமும். குடும்பத்தில் அடிதடி என்றால் தாலியான் காசே 15999. நீயே பேசலாம், பாதிக்கப்பட்டவன்தான் கூப்பிட வேண்டும் என்று இல்லை. ராத்திரி முழுக்க அவனுக்குக் காவல் இருந்து உனக்கும் தூக்கம் போயிருக்கும், உன் அம்மாவிடமோ அக்காவிடமோ பேசிவிட்டுத் தூங்கு.

தோட்டத்து வீடுகளுக்கும் ஒன்று. இப்படி ஒரு பிள்ளை வீட்டில் இருந்தால் களைக்கொல்லியையும் பூச்சிமருந்தையும் வீட்டில் வைக்காதீர்கள், ஸ்டோரிலேயே பூட்டி வையுங்கள். தாத்தாவின் பிரஷர், இனிப்புநீர் மாத்திரைகளையும் ஒரு பெரியவர் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கெட்ட நேரம் சில நிமிடம்தான் இருக்கும், அந்த நிமிடங்களில் கைக்கு எட்டாமல் இருந்தாலே பல உயிர் தப்பிக்கிறது.

கிளினிக்குக்குப் போகலாம் என்று முடிவு பண்ணிவிட்டேன். ஆனால் அங்கே இருக்கும் மிஸ்ஸி (நர்ஸ்) எங்கள் தாமான் குடியிருப்பில்தான் இருக்கிறார். கவுன்டரில் என்னவென்று சொல்வது? வீட்டுக்குத் தெரிந்துவிடுமா?
– 20 வயது மாணவி

நல்ல முடிவு எடுத்திருக்கிறாய். உன் ஊர்க் கிளினிக்குக்குத்தான் போக வேண்டும் என்று சட்டம் இல்லை, கல்லூரிக்குப் பக்கத்தில் உள்ளதற்குப் போ. கவுன்டரில் டிப்ரெஷன் என்ற சொல்லே வேண்டாம். "சாயா சூசா தீடோர், நாக் ஜும்பா டாக்டர்" என்று மலாயில் சொன்னால் போதும், தூக்கம் வரவில்லை என்பது எல்லாருக்கும் இருக்கும் புகார்தான். மீதியை அறைக்குள் போனதும் டாக்டரிடம் சொல். வாயில் வராவிட்டால் கைப்பேசியில் முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு அப்படியே காட்டு: எத்தனை வாரமாக, எத்தனை மணிக்குத் தூங்குகிறாய், சாப்பாடு எப்படி, சாகும் எண்ணம் வந்ததா. உனக்கு 18 வயது தாண்டிவிட்டது, உயிருக்கு ஆபத்து என்ற நிலை வந்தாலொழிய உன்னைக் கேட்காமல் டாக்டர் வீட்டில் சொல்ல மாட்டார், மிஸ்ஸியும் வெளியே பேசக்கூடாது. கூட ஒரு தோழி வந்தால் காத்திருக்கும் நேரம் சுலபமாகப் போகும். ஐசியை (அடையாள அட்டையை) மறக்காதே, காலையிலேயே போய் நம்பர் எடுத்துவிடு.